ஒன்பது ஆட்டத்துக்கு கோச்

மார்ச் 12, செவ்வாய்

இன்று காலை என்னை முதன்மைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். பதினோரு நிமிடத்தில் வேலை முடிந்தது. கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோதுகூட இதைவிட அதிக நேரம் உட்கார வைத்தார்கள்.

எங்கள் வால்மூர் கால்பந்து கிளப் இரண்டாவது டிவிஷனில் கடைசிக்கு மூன்றாவதாகக் கிடக்கிறது. ஒன்பது ஆட்டம் பாக்கி. கடைசி மூன்று அணிகளும் கீழ் டிவிஷனுக்கு இறங்கும். இருந்த கோச்சை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தலைவர் வாஸார் புது ஆளைக் கொண்டுவந்திருக்கிறார். யான் கெர்வெல். பிரான்ஸ் முழுக்கத் தெரிந்த முகம். ஆட்டக்காரராக அவர் தூக்காத கோப்பை இல்லை. அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, பயிற்சியாளர் டிப்ளமா. அது இல்லாதவர் பெயரை முதன்மைப் பயிற்சியாளர் என்று எழுத முடியாது. ஆகவே டிப்ளமா உள்ள ஒருவன் பெயர் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு இங்கே புதிதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

அந்த ஒருவன் நான். எத்வார் சவரிராயன், வயது நாற்பத்தேழு, பிறந்தது பாண்டிச்சேரி. இந்தக் கிளப்புக்கு நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், எல்லாம் நடுக்களத்தில். டிப்ளமாவில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினேன். மூன்று வருடமாக அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பதினேழு வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு கோச்சாக இருந்தேன்.

“வேலையெல்லாம் கெர்வெல் பாத்துப்பாரு. நீங்க பேரு மட்டும் குடுங்க,” என்றார் வாஸார். பேசியது பிரெஞ்சு, எனக்கு எழுத வருவது நம் பேச்சில்தான்.

“எனக்கு என்னா கெடைக்கும்?”

“இந்த டிவிஷன்ல நின்னுட்டோம்னா அடுத்த சீசன் நெசமாவே உங்களுது. கெர்வெல் இங்க இருக்க மாட்டாரு, அவருக்கு டி.வி.ல வேல காத்துக்கினு இருக்கு.”

“நிக்கலன்னா?”

“நிக்கலன்னா உங்களுக்கும் வேல இல்ல, எனக்கும் இல்ல.”

கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வது? இருபத்தைந்து வருடமாக நான் கேட்டது இந்த ஒரு நாற்காலிதான்.

மார்ச் 13, புதன்

காரின் முன்சக்கரத்துக்குக் காற்றடித்தேன். இந்த நோட்டை இனிமேல் காரிலேயே வைப்பதாக முடிவு. கிளப்பில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் என் மனைவி பெர்னதெத் காரைக்கால்காரி, என்னைவிட நன்றாகத் தமிழ் படிப்பாள்.

அவளிடம் முதன்மைப் பயிற்சியாளர் என்று மட்டும் சொன்னேன். “நல்லா சாப்ட்டுட்டுப் போங்க” என்றாள். பாண்டியிலிருக்கும் அண்ணன் ஞானப்பிரகாசத்துக்கும் போன் போட்டுச் சொன்னேன். அண்ணன் அழுதுவிட்டார். அதற்குப் பிறகு விளக்கம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 16, சனி

முதல் ஆட்டம். 1–0 ஜெயித்தோம்.

ஏற்பாடு இப்படி. ஆட்டத்தின்போது நின்றுகொண்டு கத்துகிற உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். மேற்பார்வைக்கு வரும் சங்கத்து அதிகாரி, அந்த ஒருவர் ஆட்டத் தாளில் கோச் என்று பெயர் உள்ளவர்தானா என்று பார்ப்பார். அதனால் நான் நிற்க வேண்டும். கெர்வெல் எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து என் ஓவர்கோட்டின் பின் நுனியைப் பிடித்துக்கொள்வார். ஒரு இழுப்பு என்றால் எல்லோரும் முன்னேறு. இரண்டு என்றால் பின்வாங்கு. மூன்று என்றால் ஆளை மாற்று, யாரை என்று முணுமுணுப்பார். நான் அதைக் கத்த வேண்டும்.

“ரெண்டடிக்கு மேல முன்னால போகாத எத்வார், எனக்குக் கை எட்டாது,” என்றார். முதல் நாளிலிருந்தே அவர் என்னை நீ என்கிறார். நான் நீங்க என்கிறேன். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, தானாக அப்படி அமைந்தது.

எழுபதாவது நிமிடத்தில் கேப்டன் இத்ரிஸைப் பின்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன். ஒரு இழுப்பு. “முன்னேறு” என்று கத்தினேன். அதில்தான் கோல் விழுந்தது. அந்த ஆள் முட்டாள் இல்லை, அது எனக்கு இன்னும் எரிச்சல்.

மார்ச் 17, ஞாயிறு

பாண்டிப் பேப்பரில் என் படம் வந்திருக்கிறதாம். அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பழைய படம், தலைமுடி இருக்கிறது.

மார்ச் 30, சனி

டிரா. ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் முன்னால் உட்கார்ந்து, கெர்வெல் சொல்லிக்கொடுத்த நாலு வாக்கியத்தை ஒப்பித்தேன். ஐந்தாவது கேள்விக்கு என்னிடம் வாக்கியம் இல்லை. ஒரு நிருபர் சிரித்தான்.

ஏப்ரல் 6, சனி

தோல்வி, 0–3. பேச ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் வழியில் முட்டை, பால், துணி சோப்பு வாங்கினேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பெர்னதெத் என் ஓவர்கோட்டின் பின் தையலை ஊசியால் மூட்டிக்கொண்டிருந்தாள். இது இரண்டாவது முறை. “வண்டிக் கதவுல மாட்டிக்குது” என்றேன். “ம்” என்றாள்.

அவள் கடைக்குப் போன நேரத்தில் அடுப்பில் சோறு இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அணிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பாத்திரம் கரி. எனக்குத் தெரியவில்லை. இந்த ஊர் ஈரத்தில் சளி விடுவதே இல்லை.

ஏப்ரல் 13, சனி

டிரா. கெர்வெல் மூன்று முறை கொட்டாவி விட்டார். எண்ணினேன்.

ஏப்ரல் 20, சனி

ஜெயித்தோம், 2–1. இரண்டையும் போட்டது இத்ரிஸ்.

இத்ரிஸைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் கேப்டன், நடுக்களம், முப்பத்திரண்டு வயது. நான் போட்ட அதே எட்டாம் நம்பர். ஜூனில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. டிவிஷனில் நின்றால் இன்னும் ஒரு வருடம் தருவார்கள், இறங்கினால் அவன் கதை முடிந்தது. இந்த வயதில் வேறு எந்தக் கிளப்பும் எடுக்காது. அவனும் அவன் மனைவி நாதியாவும் இப்போதுதான் இங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் வியாழக்கிழமை என்னிடம் வந்தான்.

“கோச், ஒண்ணு கேக்கவா? கோச்சிக்கக் கூடாது.”

“கேளு.”

“நெசமா இதெல்லாம் யாரு முடிவு பண்றது?”

“நாங்க பேசி முடிவு பண்றோம்.”

தலையாட்டிவிட்டு, “சரி கோச்” என்றான். அந்த அணியில் என்னை இன்னும் கோச் என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் கெர்வெலுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று தோல்வி. இன்று பூசை முடிந்து வந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பெர்னதெத் கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்னாங்க, எத்தினி நாளைக்கு இந்த நாடகம்?”

“எது?”

“டி.வி.ல பாக்கறேன் இல்ல. அவன் கை உங்க கோட்டப் புடிச்சி இழுக்குது, நீங்க கத்தறீங்க. நான் ஊசியும் நூலுமா உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த சீசன் நிஜமாகவே எனக்குத் தருவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். இன்னும் மூன்று ஆட்டம்தான், அதற்குப் பிறகு யார் கையும் என்மேல் இருக்காது என்றேன்.

“அவங்க சொல்றதெல்லாம் நம்புவீங்க. அன்னிக்கும் நம்புனீங்க. மண்டையில அடிபட்டு விழுந்தீங்க, ஒண்ணுமில்ல எழுந்து ஆடுன்னாங்க, ஆடுனீங்க. அன்னிலேர்ந்து உங்களுக்கு மூக்கு செத்துப்போச்சு. கேட்டா சளியாம். இருபது வருசமாவா சளி?”

மீன் கழுவப் போய்விட்டேன். மீனிலும் வாசனை இல்லை. பரவாயில்லை, நான் அதற்காக யாரிடமும் போய் அழவில்லை. அன்று ஆடியதற்குத்தான் மறுநாள் பேப்பரில் என்னை வீரன் என்று எழுதினார்கள். அந்த ஆட்டத்தில் எழுபத்தைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்பது வேறு விஷயம்.

மே 4, சனி

டிரா.

மே 11, சனி

தோல்வி. கடைசி ஆட்டத்தில் டிரா செய்தாலே போதும், நிற்கிறோம். தோற்றால் இறங்குகிறோம். கணக்கு அவ்வளவு சுலபமாக வந்து நிற்கிறது.

மே 15, புதன்

அடுத்த சீசனுக்கான திட்டத்தை ஒரு தனி நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஜூலை ஒன்றாம் தேதி பயிற்சி ஆரம்பம். இத்ரிஸை இன்னும் கொஞ்சம் பின்னால் ஆடவிட்டு அவனுக்கு முன்னால் வேகமான இரண்டு பேர். பெஞ்சில் எனக்குப் பின்னால் யாரையும் உட்கார வைக்க மாட்டேன். நாற்பத்தேழு வயதில் இப்படி ஆசைப்படுவது வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆசையாகத்தான் இருக்கிறது. மாதாவே, ஒரு டிரா. ஒரே ஒரு டிரா.

மே 17, வெள்ளி

வாஸார் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். என் பெயரில் இரண்டு வருட ஒப்பந்தம். அவர் கையெழுத்து போட்டாகிவிட்டது, என்னுடையதற்கு இடம் விட்டிருக்கிறது. “நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும்” என்று சொல்லி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மே 18, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

மூன்று மணி ஆட்டம். இடைவேளையில் 0–0. எதிரணியில் ஒரு பின்கள ஆள், ஆறரை அடி, கார்னருக்கெல்லாம் முன்னால் வந்துவிடுகிறான். அவனை அடக்கும் வேலை இத்ரிஸுக்கு, அருமையாக அடக்கினான். அறுபத்து மூன்றாவது நிமிடம் இரண்டு பேரும் ஒரே பந்துக்கு எம்பினார்கள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. இத்ரிஸ் விழுந்து கையை ஊன்றாமல் கிடந்தான்.

டாக்டர் ஓடினார். மூன்று கேள்வி கேட்டார்: எந்த மைதானம், எந்த அணியோடு ஆட்டம், போன வாரம் யார் ஜெயித்தது. மூன்றுக்கும் இத்ரிஸ் சரியாகச் சொன்னான். டாக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அரங்கம் முழுக்கக் கைதட்டல்.

எழுபதாவது நிமிடம் தண்ணீர் குடிக்க என் பக்கம் வந்தான்.

“கோச், ஸ்கோர் என்னா?”

“ஜீரோ ஜீரோ.”

தலையாட்டிவிட்டுப் போனான். ஒரு த்ரோ-இன் எறிந்து முடிந்தது. திரும்பி வந்தான். அதே முகம், அதே குரல்.

“கோச், ஸ்கோர் என்னா?”

திரும்பி கெர்வெலிடம் சொன்னேன். அவர் களத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“டாக்டர் பாத்துட்டாரு. ஆளு நல்லாத்தான் இருக்கான்.”

“ரெண்டு தடவ கேட்டான். ஒரே கேள்வி.”

“இருவது நிமிசம் எத்வார். அந்த நெட்டையன வேற யாராலயும் புடிக்க முடியாது, உனக்கே தெரியும். நமக்கு ஒரு மாத்துதான் பாக்கி. பேசாம நில்லு.”

சொன்னது எல்லாம் சரி. அதுதான் கொடுமை. இழுப்பறையில் இருந்த தாள் என் கண்ணுக்குள் நின்றது, இல்லை என்று இங்கே பொய் எழுத மாட்டேன். ஐந்து நிமிடம் நின்றேன். முழுசாக ஐந்து நிமிடம். அதற்குள் இத்ரிஸ் இரண்டு முறை தலையால் பந்தை அடித்தான். இரண்டாவது முறை அடித்துவிட்டு, போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நாலு எட்டு நடந்து, பிறகு நின்று சுற்றிப் பார்த்தான்.

நான் எல்லைக்கோடு வரை நடந்தேன். ஓவர்கோட் பின்னால் இழுபட்டது, தையல் விடுகிற சத்தம் கேட்டது, நடந்தேன். நான்காவது நடுவரிடம் எட்டாம் நம்பர் வெளியே என்றேன். கெர்வெல் எழுந்து வந்து, “இல்ல, அது வேணாம்” என்றார். நடுவர் எங்கள் இருவரையும் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“முதன்மைப் பயிற்சியாளர் யாரு?”

“நான்,” என்றேன்.

பலகையில் எட்டு எரிந்தது. இத்ரிஸ் முதலில் அது தனக்கில்லை என்றுதான் நினைத்தான். பிறகு கேப்டன் பட்டையைக் கழற்றி என் காலடியில் எறிந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான். அரங்கமே என்னைப் பார்த்து ஊளையிட்டது.

எண்பத்தாறாவது நிமிடம் கார்னர். நெட்டையன் எம்பினான். அவனைப் பிடிக்க ஆள் இல்லை. 0–1.

முடிந்தது. இறங்கிவிட்டோம்.

நிருபர்கள் அறையில் கெர்வெல் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். வாஸார் வாசலில் நின்றார். மார்ச்சில் சிரித்த நிருபன்தான் முதலில் கேட்டான்.

“இத்ரிஸ எடுத்தது யாரோட முடிவு?”

கெர்வெல் அவசரமே இல்லாமல், “நான் உதவியாளன்தான். கோச் இதோ இருக்காரே, அவரையே கேளுங்க,” என்றார். இரண்டு மாதத்தில் அவர் என்னை கோச் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“என்னோடது,” என்றேன்.

“டாக்டர் சரின்னு சொன்ன பிறகுமா?”

“ஆமா.”

“வருத்தப்படறீங்களா?”

நாலு வாக்கியம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வாஸார் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். “திங்கக்கெழமை வந்து சாமான எடுத்துக்கினு போங்க” என்றார்.

வீட்டில் பெர்னதெத் ரசம் வைத்திருந்தாள். சாப்பிடும்போது நான் அழுதேன். இருபத்தைந்து வருடமாகக் கேட்டதை என் கையாலேயே கொடுத்துவிட்டேன் என்றேன். “சாப்புடுங்க” என்றாள். பிறகு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

மே 19, ஞாயிறு

நோட்டு இனிமேல் சமையலறை மேசையிலேயே இருக்கலாம்.

அண்ணன் போன். பாண்டிப் பேப்பரில் போட்டிருக்கிறார்களாம், கிளப்பை இறக்கிய தமிழர் என்று. “டேய் தம்பி, அந்த நல்லா ஆடற பையன ஏண்டா எடுத்த? இங்க எல்லாரும் கேக்கறாங்கடா,” என்றார். அவரிடம் முழுக் கதையும் சொன்னேன், பெயர் கொடுத்ததிலிருந்து. “அப்ப பேப்பர்ல வந்ததெல்லாம் பொய்யா?” என்றார். “நேத்து அவன எடுத்தது மட்டும் நெசம்ணே,” என்றேன்.

காலை பத்தே காலுக்கு இத்ரிஸ் கூப்பிட்டான்.

“கோச், ஏன் என்னைய எடுத்தீங்க? நான் நல்லாத்தான இருந்தேன். நேத்தே ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்தாங்க, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. எனக்கு இன்னும் ஒரு வருசம் கெடச்சிருக்கும் கோச். நான் இருந்திருந்தா அந்த நெட்டையன் எம்பியிருப்பானா?”

“எம்பியிருக்க மாட்டான்.”

“பின்ன ஏன் எடுத்தீங்க?”

இரண்டு முறை ஸ்கோர் கேட்டதைச் சொன்னேன். தான் கேட்கவே இல்லை என்றான். என்னைத் திட்டினான். இதுவரை என்னிடம் பேசாத வார்த்தையெல்லாம் பேசினான். உன் பயத்துக்கு என் வாழ்க்கையைப் பலி கொடுத்துவிட்டாய் என்றான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் அவன் சொல்வது சரிதான். போனை வைத்தபோது, எனக்கு இனிமேல் மிச்சம் எதுவும் இல்லை என்றுதான் தோன்றியது. கிளப்பை இறக்கினேன், அவனை அழித்தேன், என்னையும் அழித்துக்கொண்டேன், எல்லாம் ஒன்றுமில்லாத ஒன்றுக்காக.

பத்தரைக்கு மறுபடி போன்.

“கோச், ஏன் என்னைய எடுத்தீங்க? நான் நல்லாத்தான இருந்தேன். நேத்தே ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்தாங்க, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க.”

கோபத்தில் திரும்பக் கூப்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குரலில் பழைய கோபம் இல்லை, அப்போதுதான் பிறந்த கோபம் இருந்தது. “எனக்கு இன்னும் ஒரு வருசம் கெடச்சிருக்கும் கோச்” என்று அதே இடத்தில் அதே மாதிரி உடைந்தான்.

“இத்ரிஸ், கொஞ்சம் முன்னாடி எனக்கு போன் பண்ணியா?”

“இல்லியே. இப்பதான் பண்றேன்.”

“நாதியாகிட்ட குடு.”

நாதியா வாங்கினாள். காலையிலிருந்து இரண்டு முறை மாடிக்குப் போய் யாருக்கோ போன் பண்ணினார், கேட்டால் இன்னும் பண்ணவே இல்லை என்கிறார் என்றாள். சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, திருப்பி அனுப்பினாலும் வராதே, பேச்சு குழறினாலோ வாந்தி எடுத்தாலோ அந்த இடத்திலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றேன். நானும் கிளம்பி வருகிறேன் என்றேன். பெர்னதெத் அதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிட்டாள். அவள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதாமல் சும்மா இருந்தால் பயமாக இருக்கிறது.

இப்போது மூன்றாவது முறை கூப்பிட்டான். அவர்கள் காரிலிருந்து.

“கோச், ஏன் என்னைய எடுத்தீங்க?”

“நான்தான் எடுத்தேன் இத்ரிஸ். என்னோட முடிவு. என்மேல கோவப்படு, பரவால்ல. பெல்ட் போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.” கொக்கியை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. “கோச், ஸ்கோர் என்னா?”

“ஜீரோ ஜீரோ,” என்றேன்.

“அப்ப நின்னுட்டோம்,” என்றான்.